பழைய கருப்பு காட்டன் துணில ப்ளீச் வச்சு டிசைன் போடுறது எப்படி

கருப்பு டீஷர்ட்ல ப்ளீச் பட்டா வெள்ளையாகும்னு நினைச்சுதான் நிறைய பேர் ஆரம்பிக்கிறாங்க. ஆனா பெரும்பாலும் வர்றது ஆரஞ்சு, இல்லன்னா துரு கலர், செங்கல் கலர், சில துணில லேசான சந்தன கலர். காரணம் என்னன்னா கடைல வாங்குற கருப்பு துணி நிறையதுல ஒரே ஒரு சாயம் மட்டும் இருக்காது, ரெண்டு மூணு சாயத்த கலந்துதான் அந்த கருப்ப கொண்டு வந்திருப்பாங்க, ப்ளீச் அதுல சிலத சீக்கிரம் உடைக்கும் சிலத மெதுவா உடைக்கும், கடைசியா மிஞ்சி நிக்கிற கலர்தான் உங்க டிசைனோட கலர். நேவி ப்ளூ சில நேரம் இளஞ்சிவப்பா மாறும், இண்டிகோ ஜீன்ஸ் மட்டும் ஒழுங்கா வெளிர் நீலமாகி அப்புறம் வெள்ளைக்கு வரும். சில கருப்பு அசையவே அசையாது, வாட் சாயம்னு ஒரு வகை இருக்கு, அதுல போட்ட கருப்பு ப்ளீச்ச நல்லாவே தாங்கும், என்ன ஊத்தினாலும் கருப்பாவே நிக்கும். அதனால ரெண்டு கருப்பு டீஷர்ட் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒண்ணுல வந்த கலர் இன்னொண்ணுல வரும்னு நம்பாதீங்க, இத முதல்ல மனசுல வச்சுக்கிட்டா பாதி ஏமாத்தம் குறையும்.

இன்னொரு விஷயமும் இப்பவே சொல்லிடுறேன். இந்த வேலைல டிசைன் போடுறது சுலபம், நிறுத்துறதுதான் கஷ்டம். ப்ளீச் தானா நிக்காது, நாமதான் நிறுத்தணும், அதுவும் சரியான நேரத்துல சரியான பொருள வச்சு. இத சரியா செஞ்சவங்க துணி வருஷக்கணக்கா உழைக்குது, விட்டவங்க துணி ரெண்டு மூணு துவைப்புல டிசைன் போட்ட இடத்துல மட்டும் பொத்தல் விழுது.

முதல்ல துணி. உள்பக்கம் இருக்கிற லேபிள பாருங்க, 100% காட்டன்னு இருந்தா நல்லது. பாலியஸ்டர் கலந்திருந்தா காட்டன் இழை மட்டும் வெளுத்து பாலியஸ்டர் இழை அப்படியே நிக்கும், மங்கலா சாம்பல் பூத்த மாதிரி ஒரு லுக் வரும், சிலருக்கு அது பிடிக்கும் எனக்கு பிடிக்காது. பட்டு, கம்பளி பக்கம் போகவே கூடாது, அது ரெண்டும் புரத இழை, ப்ளீச் அத கரைச்சே போட்டுடும். எலாஸ்டிக் நூல், அதாவது ஸ்பான்டெக்ஸ் கலந்த துணியும் வேணாம், இழுவை போய் தொளதொளன்னு ஆயிடும். லேபிள் கிழிஞ்சு போயிருந்தா ஓரத்துல இருந்து ஒரு நூல உருவி இடுக்கில பிடிச்சு எரிச்சு பாருங்க, காகிதம் எரியிற வாசனையோட எரிஞ்சு தொட்டா உதிர்ற சாம்பல் வந்தா காட்டன், உருகி கெட்டியா ஒரு மணி மாதிரி திரண்டா பாலியஸ்டர். தையல் நூல் நிறைய உடுப்புல பாலியஸ்டராதான் இருக்கும், அதனால சுத்தி எல்லாம் வெளுத்த பிறகும் தையல் மட்டும் கருப்பு கோடா நிக்கும், அது தப்பு இல்ல, பாக்க நல்லாவே இருக்கும். முன்னாடியே ரப்பர் மாதிரி பிரிண்ட் இருந்தா அதுவும் பெரும்பாலும் மாறாது.

அப்புறம் துணிய வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பிடிங்க. பழைய துணின்னா சில இடம் நைஞ்சு சல்லடை மாதிரி தெரியும், அங்க ப்ளீச் வைக்காதீங்க.

ப்ளீச்னு நான் சொல்றது சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கிற திரவ ப்ளீச், பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல பேரும் சதவீதமும் போட்டிருக்கும், வீட்டுக்கு வர்றது பெரும்பாலும் 3%ல இருந்து 8%குள்ள இருக்கும். கலர் துணிக்கு பாதுகாப்பானதுன்னு விக்கிற ஆக்சிஜன் ப்ளீச் இந்த வேலைக்கு உதவாது. ப்ளீச்சிங் பவுடர கரைச்சு அடிக்கலாமான்னு கேப்பாங்க, வேணாம், அது கால்சியம் ஹைப்போகுளோரைட் சுண்ணாம்போட இருக்கிறது, முழுசா கரையாது, கரையாத துகள் துணில உக்காந்த இடத்துல சாயம் திட்டு திட்டா போகும், இழையையும் அரிக்கும், எவ்வளவு வீரியத்துல இருக்குன்னு கணக்கும் தெரியாது. பாட்டில் திறந்து ரொம்ப நாள் ஆனதா இருந்தாலும் வீரியம் குறைஞ்சிருக்கும், அந்த மாதிரி ப்ளீச்ச வச்சு இன்னும் கொஞ்ச நேரம் விட்டு பாப்போம்னு இழுக்காதீங்க, புதுசு வாங்குங்க.

இப்ப பாதுகாப்பு, இத படிக்காம கீழ போகாதீங்க. ப்ளீச்சோட வினிகர், எலுமிச்சை, ஆசிட் இருக்கிற டாய்லெட் க்ளீனர் எதுவும் சேரக்கூடாது, சேர்ந்தா குளோரின் வாயு வரும், பாத்ரூம் மாதிரி சின்ன இடத்துல மூச்சே முட்டிடும். அம்மோனியா இருக்கிற க்ளீனரும் கூடாது, அதுல குளோரமின் வாயு வரும். மொட்டை மாடி, பால்கனி, முற்றம், இல்ல ஜன்னல் எல்லாம் திறந்த ரூம், இப்படி காத்து ஓடுற இடத்துல வேலை பண்ணுங்க. ரப்பர் க்ளவுஸ் கண்டிப்பா வேணும், ஸ்ப்ரே அடிக்கிறதா இருந்தா கண்ணுக்கு கண்ணாடியும் வேணும். விரல்ல பட்டா சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கும் பாருங்க, அது ப்ளீச்ல இருக்கிற காரம் தோல தின்ன ஆரம்பிச்சதுக்கு அடையாளம், உடனே நல்லா கழுவணும். கண்ணுல தெறிச்சா ஓடுற தண்ணில 15 நிமிஷத்துக்கு குறையாம கழுவிட்டு டாக்டர பாருங்க. குழந்தைங்க, நாய் பூனை அந்த பக்கம் வர வேணாம். நீங்க போட்டிருக்கிற துணியும் போனா போகட்டும்ங்கிற துணியா இருக்கட்டும்.

அடுத்தது டெஸ்ட். இத தவிர்க்கவே கூடாது. உள்பக்க மடிப்புல, கீழ் ஓரத்துல, வெளிய தெரியாத இடமா பாத்து, ப்ளீச்சும் தண்ணியும் சம அளவு கலந்து ஒரு காட்டன் பட்ஸ்ல தொட்டு ஒரு சொட்டு வைங்க. போன்ல டைமர போட்டுட்டு அந்த சொட்டையே பாத்துக்கிட்டு இருங்க. முதல்ல ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், ஈரம் மட்டும் பரவும், அப்புறம் கருப்பு மெதுவா காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும், அதுல இருந்து செங்கல், செங்கல்ல இருந்து ஆரஞ்சு, விட்டா இன்னும் வெளுத்து பீச் கலர் வரைக்கும் போகும். எந்த நிமிஷத்துல எந்த கலர் வந்துச்சுன்னு குறிச்சு வைங்க, உங்களுக்கு பிடிச்ச கலர் வந்த நேரம்தான் அந்த துணிக்கு உங்க கணக்கு. ஈரமா இருக்கும்போது எந்த கலரும் கொஞ்சம் அடர்த்தியாதான் தெரியும், காஞ்சா இன்னும் வெளிரும், அதனால வேணும்ங்கிற கலருக்கு கொஞ்சம் முன்னாடியே நிறுத்துங்க. 10 நிமிஷம் வச்சும் ஒரு மாத்தமும் இல்லன்னா அந்த துணி வெளுக்காத வகை, விட்டுட்டு வேற துணிய எடுங்க, நேரத்த கூட்டினா கலர் வராது துணிதான் போகும்.

டெஸ்ட் முடிஞ்சா துணிய ஒரு தடவை துவைச்சு காய வச்சு இஸ்திரி போடுங்க. டீஷர்ட்னா உள்ள பெரிய அட்டை ஒண்ணு சொருகணும், அட்டைக்கு மேல பிளாஸ்டிக் கவர் சுத்தியிருக்கணும், வெறும் அட்டைய வச்சா அது ஈரத்த உறிஞ்சி முதுகு பக்கத்துக்கு கொண்டு போயிடும்.

ஸ்டென்சில் வச்சு ஸ்ப்ரே அடிக்கிறது ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்ல முறை. பின்னாடி பசை இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்ல வேணும்ங்கிற உருவத்த வெட்டி துணில ஒட்டி ஓரத்த எல்லாம் விரலால நல்லா தேச்சு விடுங்க. எழுத்து வெட்டுறதா இருந்தா ண, ஓ மாதிரி சுழி இருக்கிற எழுத்துல சுழிக்கு உள்ள இருக்கிற சின்ன துண்ட தூக்கி போட்டுடாதீங்க, அதையும் தனியா ஒட்டினாதான் எழுத்து எழுத்தா தெரியும். உருவம் கருப்பா நின்னு சுத்தி வெளுக்கணும்னா வெட்டி எடுத்த உருவத்தையே துணில ஒட்டி சுத்தி அடிங்க, என்னைக் கேட்டா இதுதான் அழகு, ஏன்னா சுத்தி விழுற பொட்டு பொட்டான துளிகள் வெளிய போகப் போக குறைஞ்சு கருப்போட கரைஞ்சு நிக்கும். ஷீட் இல்லன்னா நரம்பு நல்லா தெரியிற இலை, பெரணி இலை, பழைய லேஸ் துணி எதையும் வைக்கலாம், இலை தூக்காம இருக்க மேல காசு, சின்ன கல் வைங்க.

ப்ளீச்சும் தண்ணியும் 1:1. மெல்லிசா பனி மாதிரி அடிக்கிற பாட்டிலா இருக்கணும், முதல் அமுக்குல எப்பவும் பெரிய சொட்டா வரும், அத வேற பக்கம் அடிச்சிட்டு அப்புறம் துணிக்கு வாங்க. ஒரு அடி உயரத்துல இருந்து லேசா அடிங்க, துணி தொப்பலா நனையக் கூடாது, நனைஞ்சா ஸ்டென்சிலுக்கு அடில ஓடி ஓரம் எல்லாம் கலங்கிடும். ஒரு சுத்து அடிச்சு ஒரு நிமிஷம் பாருங்க, போதலன்னா இன்னொரு சுத்து. ஸ்டென்சில உரிக்கிறதுக்கு முன்னாடி அது மேல நிக்கிற துளிகள டிஷ்யூவால ஒத்தி எடுத்துடுங்க, இல்லன்னா உரிக்கும்போது அது கருப்பு பக்கம் உருண்டு ஓடி கோடு போட்டுடும்.

கையால வரையணும்னா பிரஷ்ஷ கவனிங்க. இயற்கை முடில செஞ்ச பிரஷ் ஆகாது, முடியும் பட்டு மாதிரி புரதம்தானே, கொஞ்ச நேரத்துல பிசுபிசுன்னு ஆகி உதிர்ந்துடும். நைலான் மாதிரி செயற்கை பிரஷ் எடுங்க. தொட்டதும் மக்கோட விளிம்புல வழிச்சு விட்டு வரைங்க, கோடு போட்ட உடனே தெரியாது, எங்க போட்டோம்னே மறந்துடும், அதனால சாக்பீஸ்ல முன்னாடியே வரைஞ்சு வச்சுட்டு ஒரு பக்கத்துல இருந்து வரிசையா போங்க. மெல்லிய கோடு வேணும்னா ஜெல் மாதிரி வர்ற ப்ளீச் பேனா கிடைச்சா அதுதான் சிறந்தது. சோளமாவ கஞ்சியா காச்சி நல்லா ஆற வச்சு அதுல ப்ளீச் கலந்து கெட்டியாக்கலாம், ஆனா ப்ளீச் மாவையும் உடைக்கும், வச்சிருந்தா தண்ணியாகி ஓடும், அப்பப்ப வேண்டிய அளவு மட்டும் கலக்குங்க.

சுருட்டி ரப்பர் பேண்ட் போடுறது தெரிஞ்ச விஷயம்தான். துணிய முதல்ல தண்ணில நனைச்சு பிழிஞ்சுட்டு சுருட்டி கட்டுங்க, ஈரத் துணில ப்ளீச் சீரா பரவும், காஞ்ச துணில பட்ட இடத்துலயே நின்னுக்கும். உள் மடிப்புல என்ன நடக்குதுன்னு தெரியாதுங்கிறதால வெளிய தெரியிற கலர நம்பி நேரத்த கூட்டாதீங்க.

எந்த முறையா இருந்தாலும் 10 நிமிஷத்துக்கு மேல வேணாம், துணிலயே காய விடவும் வேணாம், வெயில்ல வச்சு சீக்கிரமாக்குறதும் வேணாம். காஞ்சா ப்ளீச் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, தண்ணி போய் உப்பும் காரமும் இழைலயே தங்கிடும்.

இப்ப நிறுத்துறது. டிசைன் பக்கம் மேல இருக்கிற மாதிரி பிடிச்சு குழாய் தண்ணிய வேகமா விடுங்க, ஓடுற தண்ணில ப்ளீச் உடனே நீர்த்து போகணும், தேங்கின பக்கெட் தண்ணில முக்கினா கரைஞ்ச ப்ளீச் மத்த இடத்துலயும் படும். ரெண்டு மூணு நிமிஷம் நல்லா அலசின பிறகு மிச்ச ப்ளீச்ச முறிக்கணும். அதுக்கு சோடியம் தயோசல்ஃபேட் நல்லது, மீன் தொட்டி தண்ணில குளோரின எடுக்க போடுறாங்களே அதேதான், அந்த காலத்து போட்டோ ஸ்டூடியோல ஹைப்போன்னு சொல்வாங்க, 10 லிட்டர் தண்ணில ரெண்டு டீஸ்பூன் கரைச்சு 10 நிமிஷம் ஊற வைங்க. அது கிடைக்கலன்னா மருந்து கடை 3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்குக்கு தண்ணி பத்து பங்கு, இதுலயும் 10 நிமிஷம். பெராக்சைடும் ப்ளீச்சும் சேர்ந்தா ஆக்சிஜன் வாயுவும் சாதா உப்பும் தண்ணியுமா பிரிஞ்சுடும், சின்ன சின்ன குமிழி வர்றத கண்ணாலயே பாக்கலாம், குமிழி நின்னா ப்ளீச் முடிஞ்சுது. ஆனா முதல்ல அலசியே தீரணும், ப்ளீச் சொட்ட சொட்ட இருக்கிற துணில நேரா பெராக்சைட ஊத்தினா பொங்கி தெறிக்கும்.

வினிகர்ல முக்கினா ப்ளீச் நின்னுடும்னு நிறைய வீடியோல சொல்றாங்க. தயவுசெஞ்சு கேக்காதீங்க, அது ப்ளீச்ச நிறுத்தாது, உங்க மூக்குக்கு நேரா குளோரின கிளப்பும். சமையல் சோடாவும் ப்ளீச்ச முறிக்காது, வாயு வராதுங்கிறதுதான் வித்தியாசம்.

ஊற வச்ச பிறகு சோப்பு போட்டு தனியா துவைச்சு நிழல்ல காய வைங்க. காஞ்ச துணில ப்ளீச் வாசனை இன்னும் தூக்கலா வந்தா முறிக்கிற வேலைய இன்னொரு தடவை செய்யணும்.

தெரியாம ஒரு சொட்டு விழுந்து கெட்டுப் போச்சேன்னு தோணினா அத அழிக்க வழி இல்ல, ஆனா அது மாதிரி இன்னும் பத்து பொட்டு பக்கத்துல வச்சா அதுவும் டிசைன்ல சேர்ந்துடும், இல்ல கருப்பு துணி மார்க்கர்ல அந்த பொட்ட மூடிடலாம். ஆரஞ்சு கலர் பிடிக்கலன்னா காட்டனுக்கான சாயத்துல முழு துணியையும் ஒரு முக்கு முக்கி எடுங்க, வெளுத்த இடம் மட்டும் புது கலர வாங்கிக்கும், கருப்பு கருப்பாவே இருக்கும், சிவப்பு, மெரூன் எல்லாம் அந்த ஆரஞ்சு மேல ரொம்ப நல்லா உக்காரும்.

மிஞ்சின கலவைய எடுத்து வைக்காதீங்க, தண்ணி கலந்த ப்ளீச் சீக்கிரம் வீரியம் இழக்கும், ஸ்ப்ரே பாட்டில்ல விட்டா உள்ள இருக்கிற ஸ்பிரிங்கும் துருப்பிடிச்சு போயிடும், அத தண்ணின்னு நினைச்சு யாராவது எடுத்து அடிச்சாலும் வம்பு. நிறைய தண்ணி விட்டு சிங்க்ல ஊத்திடுங்க, ஆசிட் க்ளீனர் போட்ட டாய்லெட்ல மட்டும் ஊத்தாதீங்க, பாட்டில்ல வெறும் தண்ணி நிரப்பி ரெண்டு மூணு தடவை அடிச்சு குழாயையும் கழுவிட்டு வைங்க.