குன்னூர்ல இருந்து லண்டன் போக எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கு போடலாம்

மேப்புல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, தப்பா வரும். பசங்களோட உலக உருண்டைய எடுத்து நாம லண்டன் விமானம் ஏறுற சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவுல ஒரு நூலை இழுத்துப் பிடிங்க, அந்த வளைவுதான் குறைஞ்ச தூரம், சுமார் 8,200 கிலோமீட்டர். அதை விமானத்தோட வேகமான மணிக்கு 850 கிலோமீட்டரால வகுத்தா ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல வரும், ஏறி இறங்க அரைமணி சேர்த்துக்கோங்க. போறப்ப எதிர்காத்து இருக்கும், அதனால பத்தரை, பதினொண்ணு கூட ஆகும், திரும்பி வர்றப்ப கொஞ்சம் சீக்கிரம் வந்துரும்.

டிக்கெட்ல ரெண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம்தான். குளிர்காலத்துல காலைல 5:30க்கு கிளம்பி 11:00க்கு இறங்குதுன்னு போட்டிருந்தா அது அஞ்சரை மணி நேரம் இல்லைங்க, லண்டன் நம்மள விட அஞ்சரை மணி பின்னாடி, ரெண்டையும் கூட்டினா 11. கோடையில வித்தியாசம் நாலரைதான்.

இதெல்லாம் சரியா போட்டுட்டு நம்ம மலைய மறந்துடாதீங்க. பர்லியார் வழியா மேட்டுப்பாளையம் இறங்கி சென்னை விமானம் பிடிக்க கோவை ஏர்போர்ட் போக ரெண்டரை மணி நேரம், ஐப்பசி கார்த்திகை மழைன்னா மண்சரிவு பயம் வேற, அப்போ முந்தின நாளே கீழ இறங்கிடுங்க.