பூஞ்சை பிடித்த பலாக்கொட்டை மாவு

பண்ருட்டிப் பக்கம் பலா சீசனில் சிப்ஸ் போடும் இடங்களில் கொட்டை மூட்டை மூட்டையாகச் சேரும். போன வருஷம் ஒரு மூட்டை வாங்கி வந்து, நறுக்காமல் முழுசாகவே 2 நாள் காயவைத்து அரைத்தேன். மாவு ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. சப்பாத்தியும் கசந்தது. மொத்தமும் எருக்குழிக்குப் போனது.

தப்பு ஈரத்தில்தான். பச்சைக் கொட்டையில் பாதிக்குமேல் தண்ணீர். வெளித்தோல் அதை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த முறை முதலில் அரை மணி நேரம் வேகவைத்தேன். செரிமானத்தைத் தடுக்கும் சில புரதங்கள் பச்சைக் கொட்டையில் உண்டு, வேகவைத்தால் அவை அடங்கிவிடும். தோலும் சுலபமாக உரியும். உள்ளே இருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்டுவதுதான் இடுப்பொடிக்கிற வேலை. ஆனால் கசப்பு அதில்தான் என்று சுரண்டிய பிறகு தெரிந்தது. அப்புறம் வாழைக்காய் சிப்ஸ் போல மெல்லிசாகச் சீவி, ஒடித்தால் 'டக்'கென்று முறியும்வரை வெயிலில் போட்டேன். எனக்கு 4 நாள் ஆனது.

ஒரு விஷயம், இந்த மாவில் பசைத்தன்மை கிடையாது. தனியாகப் பிசைந்தால் சப்பாத்தி கிழியும். 3 பங்கு கோதுமைக்கு 1 பங்கு சரியாக வந்தது. உரித்த தோலெல்லாம் மாட்டுக்கு.