விறைப்புப் பிரச்சினைக்கு மாத்திரை இல்லாத சிகிச்சை

கல்யாணமான புதிதில் எனக்கு விறைப்பு பாதியிலேயே போய்விடும். காலையில் எழும்போது மட்டும் எல்லாம் சரியாக இருக்கும், அதனால்தானோ என்னவோ டாக்டர் சர்க்கரை, பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, இது பதற்றம்தான், மனைவியையும் கூட்டிக்கொண்டு மனநல நிபுணரிடம் போங்கள் என்றார். (நல்லவேளை, பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் ஒட்டும் லாட்ஜ் வைத்தியர்களிடம் போகவில்லை.)

அங்கே முதல் நிபந்தனையே கொஞ்ச நாளைக்கு உடலுறவு கூடாது என்பதுதான். சிரிப்பு வந்தது, ஆனால் பரீட்சையே இல்லை என்றால் ஃபெயிலாகும் பயமும் இல்லையே! அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் 1970-இல் வெளியிட்ட முறை இது. ஒருவர் படுத்திருக்க மற்றவர் தொட வேண்டும், ஆரம்பத்தில் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு; கிளர்ச்சியூட்டப் பார்க்காமல் தோலின் சூடு, வழவழப்பு, சொரசொரப்பு இதில் மட்டும் கவனம் வைக்க வேண்டும், அப்புறம் ஆள் மாற வேண்டும். மனைவி தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்து என் முதுகில் வைத்தபோதுதான் 'நிற்குமா, நிற்காதா' என்று என்னை நானே வேவு பார்ப்பது நின்றது.

அடுத்த கட்டத்தில் பிறப்புறுப்பையும் தொடலாம். விறைப்பு வந்தாலும் அவசரப்படாமல் அடங்க விட வேண்டும், மறுபடி தொட்டால் தானாக வருகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் மருந்து, பயத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. கடைசியில்தான் உடலுறவு, அதுவும் முதலில் அசையாமல், மனைவி மேலிருந்து. ஆணுறை போட வேண்டியிருந்ததால் அப்போது எண்ணெயை நிறுத்திவிட்டோம், எண்ணெய் பட்டால் ஆணுறையின் லேட்டக்ஸ் ரப்பர் கிழிந்துவிடலாம்.