நவம்பர் 26: முகவுரையைத் துண்டு போடாதீர்கள்

நவம்பர் கடைசி என்றால் எங்கள் பக்கம் அடைமழை. மன்னார்குடியோ திருத்துறைப்பூண்டியோ, மைதானத்தில் தண்ணீர் நிற்கும். பிள்ளைகளை வராந்தாவில் நெருக்கி நிறுத்தித்தான் அரசியலமைப்பு நாள் நடக்கும். அந்த அவசரத்தில் யாராவது குடியரசு நாள் பேச்சையே தூசி தட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் வேறு. அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. குடியுரிமை போன்ற சில பிரிவுகள் அன்றே அமலுக்கு வந்தன. மற்றவை 1950 ஜனவரி 26-ல். நவம்பர் 26-ஐ அரசியலமைப்பு நாள் என்று அறிவித்ததே 2015-ல்தான்.

பெரிய தவறு நடப்பது அரசியலமைப்பின் முகவுரையை வாசிப்பதில். (பேனரில் ‘முன்னுரை’ என்று அச்சடித்ததையும் பார்த்திருக்கிறேன். அது கட்டுரை நோட்டுக்கு.) உறுதிமொழி மாதிரி ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று ஒரு கூச்சல், ‘இறையாண்மை’ என்று இன்னொரு கூச்சல். முகவுரை முழுக்க ஒரே வாக்கியம். தமிழில் வினை கடைசியில்தான் வரும். ‘வழங்கிக்கொள்கிறோம்’ வருவதற்குள் பாதிப் பேர் மழையை வேடிக்கை பார்க்கப் போய்விடுவார்கள். அதனால் முதல் நாளே தலையையும் வாலையும் மட்டும் பலகையில் எழுதுங்கள்: ‘இந்திய மக்களாகிய நாம்... நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்.’ கொடுப்பது யார், வாங்குவது யார் என்று கேளுங்கள். நடுவில் இருப்பதை அப்புறம் நிரப்பலாம்.

ஒரு வருஷம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, முகவுரையில் ‘இன்று’ என்பதோடு வரும் 1949 நவம்பர் 26-ஐ விட்டுவிட்டு அன்றைய தேதியை வாசித்துவிட்டாள். கேட்டதற்கு, “‘இன்று’ன்னு போட்டிருக்கே சார்” என்றாள். தவறு அவளுடையது இல்லை. அந்த ‘இன்று’ யாருடைய இன்று என்று நாங்கள் சொல்லித் தரவில்லை.

‘சமதர்ம’, ‘சமயச்சார்பற்ற’ என்ற சொற்கள் 1976-ல் 42-வது திருத்தத்தில் சேர்ந்தவை. 1949 முகவுரை என்று போஸ்டர் எழுதுகிறவர்கள் கவனிக்கவும். அரசியலமைப்பை அம்பேத்கர் தனியாக உட்கார்ந்து எழுதினார் என்பதும் சரியில்லை, அவர் பெயரைச் சொல்லாமல் நழுவுவது அதைவிட மோசம். அவர் தலைமையில் வரைவுக் குழுவில் இருந்தவர்கள் அவரையும் சேர்த்து ஏழு பேர். அதில் ஒருவரான கோபாலசாமி ஐயங்கார் பழைய தஞ்சை மாவட்டத்துக்காரர்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. டெல்டாவில் பேச்சுப் போட்டி வைத்துவிட்டு, 262-வது பிரிவைத் தொடாமல் விடுவது. மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுகளைத் தீர்க்கச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு வழி சொல்கிற பிரிவு அது. அதன்படி வந்தது 1956 சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் 1990-ல் காவிரி நடுவர் மன்றம். கடைசியாக, கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் விட வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. தண்ணீர். இதைச் சொன்னபோதுதான் பின்வரிசைப் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “அப்ப ஜூன் 12-ல மேட்டூர் திறக்கணும்னு அதுல எழுதியிருக்கா சார்?” என்றான் ஒருவன். இல்லை என்றேன். “ஏன் எழுதல?” என்றான். அன்று மணி அடித்த பிறகும் வகுப்பு நடந்தது.