"மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் பிடிபடாத நோய்

காசிமேட்டில் மீன் கூடை தூக்கும் அறுபது வயதுக்காரரிடம் "மூச்சு வாங்குதாண்ணா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்லப்பா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்க வைக்கிற வேலைகளை ஒவ்வொன்றாக விட்டிருப்பார், அவ்வளவுதான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., இப்படித்தான் வருஷக்கணக்கில் ஒளிந்து வளர்கிறது. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "போன வருஷம் செஞ்சிட்டிருந்து இப்ப விட்டுட்டது என்ன?"

ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடிக்கு ஏறும்போது நடுவில் எத்தனை தடவை நிற்கிறார் என்று கவனியுங்கள். சமதரையில் தன் வயதுக்காரர்களோடு நடக்க முடியாமல் பின்தங்கினாலே பரிசோதனைக்குப் போக வேண்டும். 100 மீட்டரில் நின்று மூச்சு வாங்கினால் நோய் முற்றியிருக்க வாய்ப்பு அதிகம். சட்டை மாட்டும்போதே இரைத்தால் இன்னும் மோசம். "வயசாயிடுச்சு" என்பது இதற்கு விளக்கமே ஆகாது.

அடுத்தது இருமல். காலையில் எழுந்ததும் இருமிக் கோழை துப்புவதை "பீடி இருமல்" என்று விட்டுவிடுகிறார்கள். வருஷத்தில் மூன்று மாதம், அடுத்தடுத்து இரண்டு வருஷம் சளியோடு இருமல் இருந்தால் அது நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி. விசில் சத்தம், நெஞ்சு இறுக்கம், உதட்டைக் குவித்து ஊதி மூச்சு விடுவது ஆகியவையும் கூட வரலாம்.

பீடி, சிகரெட் தொடாதவர்களுக்கும் இது வரும். வருஷக்கணக்கில் விறகடுப்பில் இட்லி வேகவைத்த அம்மாக்கள், வெல்டிங் புகையில் நின்றவர்கள், முன்பு டிபி வந்து குணமானவர்கள் எல்லோருக்கும் ஆபத்து உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-ல் நின்றது. ஆனால் அந்தத் தூசியில் உழைத்தவர்களின் நுரையீரலில் ஏற்பட்ட சேதம் அதோடு தீர்ந்துவிடாது. டாக்டரிடம் இன்றைய வேலையை மட்டுமல்ல, பழைய வேலையையும் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பீடி, எத்தனை வருஷம் என்ற கணக்கையும் மறைக்காதீர்கள்.

ஆஸ்துமாவோடு குழப்பிக்கொள்வது சகஜம். ஆஸ்துமா பெரும்பாலும் சின்ன வயதில் தொடங்கும். ஒரு நாள் கடுமையாக இருக்கும், மறுநாள் ஒன்றுமே இருக்காது. சி.ஓ.பி.டி. பெரும்பாலும் 40 வயதுக்கு மேல் வரும், மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் டிபிக்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். சளியில் ரத்தம் வந்தாலோ, விரல் நுனி உருண்டு வீங்கினாலோ, சி.ஓ.பி.டி. என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே காட்டுங்கள்.

நோயை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி மூச்சை அளக்கும் பரிசோதனை. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம், ஆரம்பத்தில் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, முழு மூச்சு இழுத்து, முழு வேகத்தில், விடாமல் குறைந்தது 6 விநாடி ஊத வேண்டும். இன்ஹேலர் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் விநாடியில் வெளியேறும் காற்று, மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது. பாதியில் ஊதுவதை நிறுத்தினால் கணக்கு தவறிவிடும்.

போகிப் புகை நாளிலும் பனிக்காலத்திலும் நோய் திடீரென முற்றலாம். சளி கூடி மஞ்சள் அல்லது பச்சையானால் அன்றே டாக்டரிடம் போங்கள். உதடு நீலமாவது, முழு வாக்கியம் பேச முடியாமை, குழப்பம், தூக்கக் கலக்கம், இதில் எது வந்தாலும் 108. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 88 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலும் அப்படியே. நகப்பூச்சும் மருதாணியும் அந்த அளவைத் தவறாகக் காட்டலாம், வேறு விரலில் போட்டுப் பாருங்கள். வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் பயத்தில் அளவைக் கூட்டிவிடாதீர்கள். இவர்களுக்கு ஆக்சிமீட்டர் 88 முதல் 92 வரை காட்டினால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். டாக்டர் குறித்துக் கொடுத்த லிட்டர் கணக்கைச் சிலிண்டரிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.