வெளிநாட்டில் மருத்துவப் பதிவுகளைக் கைப்பேசியில் திறப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ரிப்போர்ட் எல்லாம் போனிலேயே இருக்கிறது' என்ற நிம்மதியில், மருத்துவக் கோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளிநாடு கிளம்புகிறவர்கள் பலர். உண்மையில் கைப்பேசியில் இருப்பது பெரும்பாலும் செயலி மட்டுமே. பதிவுகள் எங்கோ ஒரு சர்வரில் இருக்கின்றன.

இது புரிவது அவசரத்தில்தான். அயல்நாட்டு மருத்துவமனையில் நள்ளிரவில் செயலியைத் திறந்து கடவுச்சொல்லை அடித்ததும், பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுவிட்டதாகத் திரையில் செய்தி வருகிறது. அந்த எண்ணுக்குரிய சிம்மோ, விமான நிலையத்தில் உள்ளூர் சிம் வாங்கியபோது கழற்றப்பட்டு, பர்ஸின் மூலையில் கிடக்கிறது. ஆகவே பழைய சிம்மை இரண்டாவது சிம்மாகவேனும் இயங்கவிட்டு, அதில் ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே பெற்றுக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், தேவையான ஆவணங்களைக் கைப்பேசியின் நினைவகத்திலேயே பிடிஎஃப் கோப்புகளாகச் சேமிப்பது. சேமித்துவிட்டோம் என்று நம்பினால் மட்டும் போதாது: ஏரோபிளேன் மோடில் போட்டு ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்க வேண்டும். கிளவுடில் உள்ள கோப்பின் சிறுபடம் மட்டும் தெரிந்து, தொட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

பயணி நினைவிழந்து கிடந்தால் இத்தனையும் பூட்டிய திரைக்குப் பின்னால் நின்றுவிடும். ஐபோனின் ஹெல்த் செயலியில் மெடிக்கல் ஐடி என்ற பகுதி உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அவசரகாலத் தகவலைப் பதிய இடம் இருக்கிறது. ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், உறவினரின் எண் ஆகியவற்றை நிரப்பிய பலர், பூட்டிய திரையிலும் அவற்றைக் காட்டும் அனுமதியை இயக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த அனுமதி இல்லையேல் நிரப்பியது வீண்.

அதிகம் கவனிக்கப்படாத தவறு, பதிவு திறந்துவிட்டால் படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று எண்ணுவது. இரத்தச் சர்க்கரையைச் சில நாடுகள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும், வேறு சில லிட்டருக்கு மில்லிமோல் என்றும் அளக்கின்றன. முன்னதில் 126 என்பதே பின்னதில் 7. அலகு இல்லாமல் எண்ணை மட்டும் தட்டச்சு செய்து வைத்திருப்பவர், மருத்துவரைக் குழப்பத்தில்தான் தள்ளுகிறார். மருந்துகளின் வணிகப் பெயர்களும் எல்லை தாண்டினால் பயன்படுவது அரிது. மருந்தின் மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) அளவையும் எழுத வேண்டும். மூலப்பெயரிலும் வேறுபாடு உண்டு: பாரசிட்டமாலை அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்பார்கள், சால்பியூட்டமாலை ஆல்பியூட்டரால் என்பார்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் குறிப்பது நல்லது. 03/04 என்பது ஓரிடத்தில் ஏப்ரல் 3, இன்னோரிடத்தில் மார்ச் 4. இவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்திலும், முடிந்தால் செல்லும் நாட்டின் மொழியிலும் தொகுத்து வைப்பது, நாற்பது பக்க ரிப்போர்ட்டைவிடப் பயன்தரும். இத்தகைய சுருக்கத்தில் எவையெல்லாம் இடம்பெற வேண்டும் என்பதற்கு, 2021இல் வெளியான ஐஎஸ்ஓ 27269 என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் இசிஜி வரைபடத்தை முழு மருத்துவப் பதிவாக நீட்டுவதும் சரியன்று. அது ஒரே கோணத்தில் எடுக்கப்பட்டது. மருத்துவமனையில் வழக்கமாக எடுப்பதோ, 12 கோணங்களில் பதியும் '12 லீட்' இசிஜி. நேரத்துக்கேற்ற அளவில் இன்சுலினைச் செலுத்தும் பம்ப் கருவியை அணிந்தவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு: பல பம்புகளின் கடிகாரம், கைப்பேசியைப் போலத் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறுவதில்லை. நேரத்தை எப்போது, எப்படி மாற்றுவது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொது வைஃபையைக் கண்டு அஞ்சுகிறவர்கள்கூட, விடுதி வரவேற்பறையிலுள்ள கணினியில் மின்னஞ்சலைத் திறந்து ரிப்போர்ட்டை அச்சிடத் தயங்குவதில்லை. என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. அச்சிட்டவர் அறைக்குத் திரும்பிய பிறகும், பெயரும் நோயும் தாங்கிய கோப்பு டவுன்லோட்ஸ் பகுதியிலேயே இருக்கும். அச்சுப் பிரதி வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லலாம். கைப்பேசி சார்ஜ் இல்லாமல் அணைந்தாலும் அது உதவும்.

சில ஆவணங்களுக்குக் காகிதமே வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே செல்லுபடியாகும் என்றாலும், 2016 முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் பொருந்துகிறது. கையொப்பமும் முத்திரையும் கொண்ட அதன் அசலைக் கேட்கும் அதிகாரியிடம், கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டி நுழைந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பாஸ்போர்ட்டுடனேயே அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.