நேபாளத்தின் ராரா ஏரிக்குப் போகிறீர்களா? திரும்பும் டிக்கெட்டைக் கடைசியில் போடுங்கள்

போன ஐப்பசியில் நேபாளகஞ்ச் விமான நிலையத்தில் திருப்பூர்க்காரர்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவ்வளவு தூரத்தில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் தலை தானாகத் திரும்பிவிடுகிறது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "ராராவுக்கு அண்ணா. இன்னைக்கு 26, மேல போறோம். 28 காலையில இறங்கிடுவோம். 29 லக்னோவுல ஃப்ளைட்" என்று ஒருவர் கைபேசியை நீட்டினார். 2017இல் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கு அப்படியே அந்தத் திரையில் இருந்தது.

நேபாளம் என்றால் நமக்குக் காத்மாண்டு, பொக்காரா, முக்திநாத். நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு எவரெஸ்ட் அடிவார முகாம். மேற்கே கர்ணாலிப் பக்கம் நம் ஆட்கள் போக ஆரம்பித்தது சமீபத்தில்தான். முகு மாவட்டத்தில் 2,990 மீட்டர் உயரத்தில் இருக்கும் ராரா, நாட்டிலேயே பெரிய ஏரி. பரப்பு சுமார் 10.8 சதுர கிலோமீட்டர். 1976இலிருந்து தேசியப் பூங்கா. கரையில் கடைத்தெரு கிடையாது, சுற்றிலும் பைன் காடு, காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அங்கே சிறு சிறு குழுக்களை அழைத்துப் போகிறேன். ஒவ்வொரு முறையும், நான் முன்பு செய்த தவறையே யாரோ செய்வதைப் பார்க்கிறேன்.

ஜெர்கின், ஷூ, டார்ச், மாத்திரை பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

திரும்பும் டிக்கெட்டை முதலில் போடுவது

லீவு இத்தனை நாள் என்று தெரிந்ததும் நாம் முதலில் செய்வது, மலிவாகக் கிடைக்கும் ரிடர்ன் டிக்கெட்டைப் போட்டுவிடுவது. அப்புறம் நடுவில் மிஞ்சும் நாட்களுக்குள் மலையைத் திணிக்கிறோம். ஊட்டிக்கோ மூணாறுக்கோ இது சரிப்படும். கர்ணாலிக்குச் சரிப்படாது.

நேபாளகஞ்ச் சமவெளி ஊர், கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர்தான். அங்கிருந்து ராராவுக்குப் பக்கத்திலுள்ள தால்சா ஓடுதளத்துக்குச் சின்ன விமானம் போகிறது. முக்கால் மணி நேரத்துக்குள் 2,700 மீட்டருக்கு மேலே இறக்கிவிடும். இருபது பேர்கூட ஏற முடியாத விமானம் அது. விமானி கண்ணால் பள்ளத்தாக்கைப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மேகம் மூடினால் வராது. முற்பகல் தாண்டிக் காற்று கிளம்பினாலும் வராது. காலையில் தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒருநாள் விமானம் ரத்தானால் ஒருநாள்தானே தாமதம் என்று தோன்றும். அப்படி இல்லை. மறுநாள் விமானம் மறுநாள் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு. இன்று விட்டவர் அதில் காலி இடம் வந்தால்தான் ஏற முடியும். நடுவில் ஒரு நோயாளியை நேபாளகஞ்ச் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் அவருக்குத்தான் இடம், அதுதான் நியாயமும். ஒரு நாள் தாமதம் இப்படித்தான் மூன்று நாளாகிறது. கவுண்டரில் இருப்பவர் பொறுமையாக "போலி, போலி" என்பார். நேபாளியில் போலி என்றால் நாளை. முதல் தடவை கேட்கிற தமிழனுக்கு டிக்கெட்டே போலியோ என்று பகீரென்கும்.

2017இல் எங்கள் குழுவில் ஐந்து பேர். மூத்தவருக்கு 63 வயது. 22ஆம் தேதி தால்சாவிலிருந்து விமானம், 23 மாலை லக்னோவிலிருந்து சென்னைக்கு விமானம். 22 காலையில் மேகம். 23 காற்று. 24ஆம் தேதி ஒரே ஒரு விமானம் வந்தது, எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் இடமில்லை. சென்னை டிக்கெட் போனது போனதுதான். ஆனால் இரண்டு பேருக்கு 26ஆம் தேதி வேலைக்குப் போயே ஆக வேண்டும். நண்பகலில் ஒரு பொலேரோ பிடித்தோம்.

தால்சாவிலிருந்து நாக்மா, காலிகோட் வழியாகச் சுர்க்கேத் வரை ஜீப்பில் வந்தால் இரண்டு பகல். நாக்மாவில் சேரும் கர்ணாலி நெடுஞ்சாலை ஜும்லாவிலிருந்து சுர்க்கேத் வரை 232 கிலோமீட்டர். பெயர்தான் நெடுஞ்சாலை. பல இடங்களில் ஒரு வண்டி அகலம், ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் ஆறு. நாக்மாவுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. ஓட்டுநர், "தாஜு, இங்கேயே தங்கிவிடுவோம், ராத்திரியில் கல் விழும்" என்றார். தாஜு என்றால் அண்ணன். நான் கேட்கவில்லை. கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி ஓட்டச் சொன்னேன். காலிகோட் எல்லைக்குள் ஒரு வளைவில் பாதையின் பாதியைச் சரிந்த கற்கள் அடைத்திருந்தன. அவர் ஓரம் ஒதுக்கித் தாண்டும்போது பின் சக்கரம் ஒன்று வழுக்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். கீழே தீலா ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது, ஆறு தெரியவில்லை. எதிர்ப் பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்கினோம். கடைசியாக இறங்கிய 63 வயதுக்காரர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை இன்றுவரை நான் மறக்கவில்லை.

யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஊர்க்காரர் வேண்டாம் என்ற பிறகும் அவரை ஓட்ட வைத்தது என் கையிலிருந்த டிக்கெட். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். டிக்கெட் காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே போட்ட ஒரு தேதி மலையில் நம் புத்தியை வாங்கிக்கொள்கிறது. தலைவலியோடு மேலே நடக்கச் சொல்வதும் அதுதான், மழையில் கணவாயைத் தாண்டச் சொல்வதும் அதுதான்.

நான் இப்போது எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். ஏறும்போது விமானம், இறங்கும்போது ஜீப், பகலில் மட்டும். ஏறுகிற விமானம் தாமதமானால் நேபாளகஞ்சில் ஓட்டல் அறையில் உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான். இறங்குகிற விமானம் தாமதமானால்தான் சிக்கல். இரண்டு வழியும் விமானம்தான் என்றால் தால்சாவிலிருந்து இறங்கும் நாளுக்கும் அடுத்த டிக்கெட்டுக்கும் நடுவில் மூன்று நாள் விடுங்கள். அந்த மூன்று நாளைப் பயணத்தின் நடுவில் வைக்காதீர்கள், கடைசியில் வையுங்கள். எல்லாம் நல்லபடியாக நடந்து அந்த நாட்கள் மிஞ்சினால் வீணாகாது. நேபாளகஞ்சிலிருந்து சில மணி நேரத்தில் பர்தியா தேசியப் பூங்கா. 2022 கணக்கெடுப்பில் அங்கே 125 புலிகள் இருந்தன.

டோல்பாவின் போக்சுண்டோ ஏரிக்கும் இதே கணக்குதான். அங்கே ஜுபால் ஓடுதளம்.

காத்மாண்டு போய்த்தான் போக வேண்டும் என்று நினைப்பது

வேண்டாம். லக்னோ வரை ரயில், அங்கிருந்து ரூபைடிஹா எல்லைக்கு பஸ், எல்லை தாண்டினால் நேபாளகஞ்ச். காத்மாண்டைச் சுற்றிக்கொண்டு வருவதில் செலவாகும் இரண்டு நாளைத்தான் நான் மேலே கேட்ட மூன்று நாளில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆதார் அட்டையை மட்டும் எடுத்துப் போவது

பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. அசல்.

ஜீப் போகும் உயரத்துக்கெல்லாம் உடம்பும் போகும் என்று நம்புவது

ராராவில் இந்தத் தவறு பெரும்பாலும் முதல் இரவுத் தலைவலியோடு முடிந்துவிடும். ஏரி 3,000 மீட்டருக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் இதே ஆட்கள் அடுத்த வருடம் மனாங்குக்கும் முக்திநாத்துக்கும் போகிறார்கள். மனாங் 3,500 மீட்டர். அடிவார ஊரான பேசிசஹரிலிருந்து ஜீப்பில் ஒரே நாளில் போய்விடலாம். நடந்து போன காலத்தில் ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரத்தில் உடம்பு பழகிவிடும். சாலை வந்தபின் நாம் விட்டது அந்த ஒரு வாரத்தை.

முக்திநாத் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே போகிற நம்மவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சாளக்கிராமம் என்ற பெயரில் அது 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடியது. 820 மீட்டரில் இருக்கும் பொக்காராவில் காலைக் காப்பி குடித்துவிட்டு, ஜோம்சோமில் விமானம் இறங்கி, மதியம் 3,700 மீட்டருக்கு மேலே 108 தாரைகளின் ஐஸ் தண்ணீரில் குளிக்கிறார்கள். அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து மார்பாவிலோ ஜோம்சோமிலோ ஓர் இரவு தங்கவையுங்கள். மறுநாள் ஏறி, சேவித்துவிட்டு, தூங்குவதற்குக் காக்பேனிக்கு இறங்கிவிடுங்கள். 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பதுதான் மலை மருத்துவர்களின் பொது விதி.

ஒருவர் தலைவலி, வாந்தி என்று படுத்தால் அன்று மேலே ஏற்றாதீர்கள். எழுப்பி, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கீழே இறக்குங்கள்.

நம் கடல் புயலை மறப்பது

ஐப்பசி, கார்த்திகையில் நேபாள வானம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வங்காள விரிகுடாவில் புயல் உருவாகும் பருவமும் அதுவே. 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹுட்ஹுட் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. இரண்டே நாளில் அதன் மிச்சம் அன்னபூர்ணாப் பகுதியில் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத் தொரோங் கணவாயிலும் அதைச் சுற்றியுள்ள மலைப் பகுதிகளிலும் குறைந்தது 43 பேர் இறந்துபோனார்கள். கடலோரத்தில் இருக்கும் நமக்குப் புயல் செய்தி பார்ப்பது பழக்கம்தானே, மலைக்குப் போகும்போதும் பாருங்கள். புயல் ஒடிசா, ஆந்திரா பக்கம் திரும்பினால் இரண்டு மூன்று நாள் தாழ்ந்த ஊரில் உட்காருங்கள்.

ஆனி, ஆடியில் கர்ணாலிச் சாலையை நம்புவது

நம்பாதீர்கள்.

ரொக்கம்

நேபாளகஞ்சிலேயே நேபாள ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள். நம் 100க்கு 160. மேலே நெட்வொர்க்கை நம்பி வயிற்றைக் காயப்போட வேண்டாம்.

ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது

ஜும்லாவிலிருந்து ராராவுக்கு நடந்து போகும் வழியில் சிஞ்சா பள்ளத்தாக்கு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை கஸ அரசர்களின் தலைநகரம். இன்று நேபாளம் முழுக்கப் பேசப்படும் நேபாளி மொழி பிறந்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான் என்கிறார்கள். அந்த மொழிக்குக் கஸ குரா என்றே இன்னொரு பெயர் உண்டு. ஒரு மொழி பிறந்த இடத்தில் நடக்கிறோம் என்ற நினைப்பே எனக்குப் பெரிது. ஆனால் ஆற்றை ஒட்டிய வயலும், தட்டைக் கூரை மண் வீடுகளும், கூரைமேல் காயும் மிளகாயும்தான் கண்ணில் படும் என்பதால் பலர் நிற்காமல் போய்விடுகிறார்கள்.

சிஞ்சாவில் ஒரு வீட்டில் மார்சி அரிசிச் சோறு போட்டார்கள். ஜும்லாப் பக்கம் விளையும் சிவப்பரிசி. பார்க்க மாப்பிள்ளைச் சம்பா மாதிரி, வேகும்போது வாசனை வேறு. அடுப்பில் ஏற்றி இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த அம்மா நடுவில் இரண்டு முறை மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தார், நம் வீட்டில் செய்வதுபோலவே. கூட ராஜ்மாவைவிடச் சின்னதான அவரை வகை ஒன்று, பல நிறத்தில். அவசரம் என்று சொல்லியிருந்தால் நூடுல்ஸ்தான் கிடைத்திருக்கும்.

திருப்பூர்த் தம்பிகளிடம் சிஞ்சாவைப் பற்றியும் சொன்னேன், டிக்கெட்டை மாற்றச் சொல்லியும் பார்த்தேன். மாற்றினால் நிறையப் பிடித்துக்கொள்வார்கள் அண்ணா என்றார்கள். அவர்கள் நிலையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். என் கைபேசி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

28ஆம் தேதி பதினோரு மணிக்குத் தால்சாவிலிருந்து செய்தி வந்தது: "அண்ணா, போலின்னு சொல்றாங்க. இப்பவே ஜீப் கிடைக்குமா?"

எனக்குத் தெரிந்த ஓட்டுநரின் எண்ணை அனுப்பினேன். இன்று கிளம்ப வேண்டாம், நாளை விடிந்த பிறகு ஏறுங்கள், இரவு வழியில் மன்மாவில் தங்குங்கள், அவர் எங்கே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துங்கள் என்று எழுதினேன்.